கேட்டில் கழற்றி வைத்த பனியன்

சிவகாசி
18.8.2025

யோகேஸ்வரிக்கு,

நீ கார் டிக்கியில் பார்த்த துணி எந்தப் பொம்பளையுடையதும் இல்லை. என்னுடையது. போன மாதம் ஹைதராபாத்தில் சரக்கு எடுக்கிற பார்ட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போனது மதுரைக்கு. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் என் நெஞ்சில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டேன். ஆம்பளைக்குப் பொம்பளை மாதிரி மார்பு பெருத்திருந்தால் உள்ளே இருக்கிற கட்டியையும் கொழுப்பையும் எடுத்துவிடுகிற ஆபரேஷன். எடுத்த பிறகு மேல் தோல் தொங்காமல் உள்ளே ஒட்ட வேண்டும். அதற்காக இறுக்கமான பனியன் ஒன்று கொடுப்பார்கள். தோல் நிறத்தில் இருக்கும், முன்பக்கம் வரிசையாகக் கொக்கி வைத்திருக்கும். அதைத்தான் நீ இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு “யாரு அவ?” என்று கேட்டாய்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ ஹர்ஷினியைக் கூட்டிக்கொண்டு விருதுநகரில் உன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க மாட்டாய். ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாள் யோசித்துப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று நீ நினைத்ததே அந்த நிமிஷத்தில் எனக்குத் தேவலை என்று பட்டது. அது ஆம்பளைத் தப்பு, வெளியில் நாலு பேருக்கு இருக்கிற தப்பு. இது அப்படி இல்லை.

போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றால் உன் போன் பாதி நேரம் ஹர்ஷினி கையில். அழகுராஜா மச்சானிடம் கெஞ்சிக் கேட்டதற்கு, “தங்கச்சி எழுதிக் குடுக்கச் சொல்லுது மாப்ளே. போன்ல பேசினா நீங்க ரேட்டு பேசுற மாதிரிப் பேசி ஜெயிச்சிருவீகளாம்” என்றார். அதனால் எழுதுகிறேன். கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது என்றே நினைவில்லை. டிரைவரிடம் கவரை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று.

ஆஸ்பத்திரி பில்லும் டிஸ்சார்ஜ் சீட்டும் உள்ளே வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்.

ராஜபாண்டியன்


விருதுநகர்
21.8.2025

ஹர்ஷினி அப்பாவுக்கு,

சீட்டைப் பார்த்தேன். லோடு கூட பில்லு வச்சு அனுப்புற மாதிரி வச்சிருக்கீக. பொண்டாட்டிக்கும் பில்லு வேணும்னு தோணியிருக்கு. சரி.

அண்ணன்கிட்ட காட்டலை. என்னம்மா எழுதியிருக்கார்னு கேட்டாரு. கம்பெனி விஷயம்னு சொல்லிட்டேன். அவர் நம்பலை, ஆனா மேல கேட்கலை.

நீங்க எழுதினதை நான் நம்புறேன். நம்பினதும் மனசு லேசாயிரும்னு பார்த்தேன். ஒரு பொழுது லேசாத்தான் இருந்துச்சு. அண்ணி கூட “என்ன இன்னைக்குச் சோறு இறங்குது”ன்னு கேட்டாக. அப்புறம் சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டு இருக்கும்போது வந்துச்சு பாருங்க கோபம், டிக்கியைத் திறந்தப்பக்கூட எனக்கு அம்புட்டுக் கோபம் வரலை.

கல்யாணம் ஆகி பதினாறு வருஷம். திருச்செந்தூருக்கு எத்தனை தடவை போயிருக்கோம். சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்ங்கிற இடம் வந்ததும் உங்களுக்குப் போன் வந்துரும். “நீங்க போயிட்டு வாங்க, முக்கியமான பார்ட்டி”ன்னு வெளியவே நிப்பீக. குற்றாலத்துக்குப் போனா உங்களுக்குச் சளி. வீட்டுல லைட்டை அணைச்சாத்தான் சட்டை கழலும். அதுக்கும் உள்ள ரெண்டு பனியன். நெஞ்சுல கை வச்சா எடுத்து ஓரமா வச்சிருவீக, ஏதோ மேசைமேல இருந்து பேப்பரை எடுத்து வைக்கிற மாதிரி.

நான் என்ன நினைச்சேன்னு ஒரு நாளாவது யோசிச்சீகளா? என்னைப் பிடிக்கலை, அய்யா சொன்னாரேன்னு கட்டிக்கிட்டாருன்னு நினைச்சேன். அப்படி நினைச்சுக்கிட்டே பிள்ளையும் பெத்து இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்.

இன்னொண்ணும் சொல்றேன். உங்க துணியைத் துவைக்கிறவ நான். எனக்குத் தெரியாதுன்னா இருந்தீக? தெரியும். ஒரு ஆளுக்குத் தொப்பை இருக்கும், ஒரு ஆளுக்கு வழுக்கை இருக்கும், இவருக்கு இது இருக்குன்னுதான் இருந்தேன். எனக்கு அது ஒரு குறையாவே படலை. நீங்க மறைச்சதுதான் எனக்குக் குறை.

இதுக்கு மேல எழுதினா வேற மாதிரிப் போயிரும். கேட்க வேண்டியதைக் கேட்டுடுறேன். புண்ணு ஆறுதா? யாரு மருந்து வைக்கிறது? குளிக்கிற நேரம் தவிர எந்நேரமும் பனியனைக் கழட்டக்கூடாதுன்னு சீட்டுல இருக்கு. கழட்டக்கூடாத பனியன் எதுக்கு டிக்கியில கிடந்துச்சு?

யோகேஸ்வரி


சிவகாசி
25.8.2025

யோகேஸ்வரிக்கு,

உன் கடிதத்தில் முதல் பாதிக்குப் பதில் என்று இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். நீ கடைசியில் கேட்டதற்கு மட்டும் பதில் இருக்கிறது.

அந்தப் பனியன் நைலான். நம்ம தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனிக்குள் பருத்தி தவிர வேறு துணி போகக்கூடாது என்பது உனக்கே தெரியும். நைலான் உடம்பில் உரசினால் கண்ணுக்குத் தெரியாமல் பொறி வரும், வெடிமருந்து கலக்கிற இடத்தில் தீப்பிடிக்க அது போதும். அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான். பாலியஸ்டர் சேலை கட்டி வந்த பொம்பளைகளை எத்தனை பேரை கேட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். போர்மேன் வேலுச்சாமி வெளியூர் ஆள் யார் வந்தாலும் காலரைத் திருப்பி என்ன துணி என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். முதலாளி என்று என்னை விட்டுவிடுவார்தான். நான்தான் என்னை விட முடியாது. உள்ளே அறுபது பேர் இருக்கிறார்கள்.

அதனால் காலையில் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போவேன். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வேலிக்கருவை மரத்துப் பக்கம் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து கொக்கியைக் கழற்றிப் பனியனை டிக்கியில் போட்டுவிடுவேன். சாயங்காலம் வெளியே வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்வேன். தீபாவளி சீசன், கம்பெனிக்குப் போகாமல் இருக்க முடியாது. போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் லீவு போடு என்பார்.

புண் பரவாயில்லை. தோலுக்கும் சதைக்கும் நடுவில் நீர் கோர்த்தது. ஊசி போட்டு இரண்டு தரம் உறிஞ்சி எடுத்தார்கள், வலி அதிகம் இல்லை. இடது பக்கம் காம்பைச் சுற்றி ஓரமாகக் கொஞ்சம் கறுத்திருக்கிறது. மருந்து நானே வைத்துக்கொள்கிறேன், கண்ணாடியைப் பார்க்காமலேயே கை பழகிவிட்டது.

ஏன் இந்த வயதில் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆமத்தூர் லாரி செட்டில் மூட்டை தூக்கினேன் என்று உனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் எல்லாரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூக்குவார்கள். நான் மட்டும் சட்டையோடு. ஒரு நாள் நாலு பேர் பிடித்து உருவிவிட்டார்கள். அன்றையிலிருந்து அங்கே எனக்கு ராஜபாண்டியன் என்று பேர் கிடையாது. “ஏலே அக்கா, இந்த மூட்டையை எடுலே.” அங்கே இருந்த வரைக்கும் அக்காதான். கூட்டத்தில் சிரித்தவர்களில் ஒருத்தன் இப்போது நம்மிடம் சரக்கு எடுக்கிறான். மரியாதையாகத்தான் பேசுகிறான். அவன் கடைக்குப் போகும்போதெல்லாம் என் கை தானாகச் சட்டை பட்டனைத் தொட்டுப் பார்க்கும். இதற்கு ஆபரேஷன் உண்டு என்று தெரியவே எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது. தெரிந்ததும் போய்விட்டேன்.

உன்னைப் பிடிக்காமல் இல்லை. இதை இப்படி ஒரு வரியில் எழுதுவது சரியில்லை என்று தெரிகிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ராஜபாண்டியன்


விருதுநகர்
28.8.2025

ஹர்ஷினி அப்பாவுக்கு,

அந்த நாலு பேர் யாருன்னு நான் கேட்கப்போறதில்லை. சரக்கு எடுக்கிறவன் பேரு தெரிஞ்சா அவன் வீட்டு விசேஷத்துல என்னால இலையில உட்கார முடியாது. அதனால சொல்லாதீக.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குத் தாங்கலை. ஹர்ஷினி பிறந்தப்ப எங்கம்மா என்ன பண்ணினாக? பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்சு என் வயித்துல இறுக்கக் கட்டினாகளா இல்லையா? நான் மூச்சு விட முடியலைன்னு அழுதேன், நீங்க வாசல்ல நின்னு “கொஞ்சம் தளர்த்துங்க அத்தே”ன்னு சொன்னீக. எதுக்குக் கட்டினாக? தளர்ந்த தோலு ஒட்டணும்னுதான். வேட்டி பருத்திதானே? கேட்டுக்குள்ள போகும்தானே? பனியனைக் கழட்டின இடத்துல வேட்டித் துணியைச் சுத்திக் கட்டிக்கிட்டு உள்ள போயிருந்தா எந்த வேலுச்சாமி கேட்கப்போறாரு? இந்த ஊர்ல பிள்ளை பெத்த எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பா. யாரையும் கேட்க முடியாத இடத்துல போயி நீங்களா உட்கார்ந்துக்கிட்டீக.

டிரைவர்கிட்ட ஒரு பை குடுத்து விட்டிருக்கேன். அண்ணனோட புது வேட்டி, கிழிச்சு, சுடுதண்ணியில அலசி, இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். எதுக்குன்னு அண்ணன் கேட்டாரு. “கிழிக்கத்தான்”னேன். மூணு சுத்து சுத்தி அக்குள்கிட்ட முடிச்சு வரணும், புண்ணு மேல முடிச்சு வரக்கூடாது. டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கட்டுங்க. காட்டாமக் கட்டாதீக. கம்பெனி விஷயத்தையும் சொல்லித் தொலைங்க அவர்கிட்ட. மறைச்சு மருந்து வாங்கினா என்ன ஆகும்?

கொஞ்சம் கறுத்திருக்குன்னு எழுதியிருக்கீக. கொஞ்சம்னா எம்புட்டு? காய்ஞ்சு கறுப்பா, ஈரமா? வாடை வருதா? சுத்தி சிவந்திருக்கா? காய்ச்சல் அடிக்குதா? கண்ணாடி பார்க்காம மருந்து வைக்கிற ஆளுக்கு இது எப்படித் தெரியும்? பார்ட்டிக்கு அனுப்புற சரக்குன்னா பெட்டியைத் திறந்து ஒண்ணு ஒண்ணா எடுத்துப் பார்க்கிற மனுஷன், சொந்த உடம்பைக் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுறீக.

நாளைக்கே மதுரைக்குப் போங்க. நான் வரணுமா? வான்னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும். எழுதாட்டி நானா வர மாட்டேன், அதுவும் சொல்லிட்டேன்.

யோகேஸ்வரி


மதுரை
3.9.2025

யோகேஸ்வரிக்கு,

நீ அனுப்பிய துணி வந்தது. கட்டவில்லை, கட்டுகிற நிலைமையைத் தாண்டிவிட்டது.

நீ நாளைக்கே போ என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு ராய்ப்பூர் லோடு. ஏற்றுகிற ஆள் குறைந்தது. சும்மா நிற்க முடியாமல் நானும் பெட்டியைத் தூக்கினேன். இரண்டாவது பெட்டியில் இடது பக்கம் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. சட்டை நனைந்தது. வேர்வை என்று வேலுச்சாமியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, “வேர்வை இப்படி ஒரு பக்கமா வராது முதலாளி, வண்டியில ஏறுங்க” என்று சொல்லி அவரே மதுரைக்குக் கூட்டிவந்து சேர்த்துவிட்டார். காய்ச்சல் இருந்தது என்று இங்கே வந்துதான் எனக்கே தெரிந்தது.

தையல் பிரிந்துவிட்டது. உள்ளே கோர்த்த நீரில் சீழ் வைத்திருக்கிறது. டாக்டர் திறந்து கழுவிவிட்டார், திரும்பத் தைக்கவில்லை. அப்படியே திறந்து விட்டு, தினம் மருந்துத் துணி வைத்து, அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். கறுத்துப்போன தோல் உயிரில்லாத தோல். அதை வெட்டி எடுத்தார்கள். இடது பக்கக் காம்பைச் சுற்றிய வட்டத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஆறினாலும் தழும்பு இழுத்துக்கொண்டு நிற்கும், வேண்டுமானால் அப்புறம் சரி பண்ணலாம் என்கிறார். வலது பக்கம் நன்றாக இருக்கிறது.

கம்பெனி விஷயத்தைச் சொன்னேன். உன் வேட்டித் துணியையும் காட்டினேன். பனியன் அளவுக்கு இறுக்காது, ஆனாலும் பகலெல்லாம் ஒன்றுமே இல்லாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல், நீர் இத்தனை கோர்த்திருக்காது என்றார். தோல் கறுத்தது வேறு, ரத்த ஓட்டம் குறைந்து வருவது, அது எதைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கலாம் என்றார். இதை உன்னிடம் சொல்லச் சொல்லி அவர் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

நீ வா என்று ஒரு வார்த்தை கேட்டாய். வராதே. கோபத்தில் எழுதவில்லை. நல்லபடியாக ஆறின பிறகு, ஒரு நாள் லைட்டைப் போட்டுச் சட்டையைக் கழற்றி உனக்குக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அதற்குத்தான் ஹைதராபாத் பொய்யும். இப்போது முன்னாடி இருந்ததைவிட மோசமாக இருக்கிறது. நர்ஸ் மருந்து வைக்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். நான் பார்க்க முடியாததை நீ பார்க்க வேண்டாம். ஆறட்டும். ஆறின பிறகு வா.

ராஜபாண்டியன்


மதுரை, ஆஸ்பத்திரி
5.9.2025

ஹர்ஷினி அப்பாவுக்கு,

மருந்துக் கடையில குடுத்த தாளு, அதுலதான் எழுதுறேன். உங்க கட்டிலைச் சுத்தி இழுத்து விட்டிருக்கிற திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கேன். உங்க பாதம் தெரியுது. நகம் வெட்டலை.

நான் வந்தது உங்களுக்குத் தெரியும். என் குரலைக் கேட்டதும் நர்ஸ் மாரிசெல்வியைக் கூப்பிட்டு “திரையை இழுத்து விடும்மா, தூங்கணும்”னு சொன்னீக. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து முழிக்குது. போன்ல பேசினா ஜெயிப்பீக, நேர்ல பேசினா திரும்பிப் படுத்துக்கிடுவீக. எழுதினாத்தான் நீங்க பதில் சொல்ற ஆளா இருக்கீக. அதனால மாரிசெல்விகிட்ட குடுத்து விடுறேன். தூது போறதுக்கு அதுக்கு ஒரே சிரிப்பு.

வராதேன்னு எழுதினீக. நானா வர மாட்டேன்னு சொன்ன வார்த்தையை மீறித்தான் வந்திருக்கேன். ஹர்ஷினியைப் பெத்துட்டு நான் எப்படிக் கிடந்தேன்? வயித்துத் தையல்ல நீர் வடிஞ்சு, பால் கட்டிக் காய்ச்சலடிச்சு, எனக்கே என் வாடை பிடிக்கலை. நீங்க பக்கத்துல உட்கார்ந்து விசிறினீக. ஒரு தடவைகூட மூஞ்சியைச் சுளிக்கலை. நான் ஆறின பிறகு வாங்கன்னு சொன்னேனா? சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீகளா?

நல்லா ஆன பிறகு காட்டுறதுக்கு நான் என்ன சரக்கு எடுக்க வந்த பார்ட்டியா?

உங்களுக்குப் பேரம்தான் புரியும். பேரத்துலயே சொல்றேன். இன்னைக்கு மாரிசெல்வி மருந்து வைக்கும்போது நான் உள்ள வந்து நிப்பேன், எப்படி வைக்கிறதுன்னு கத்துக்கிடணும். வீட்டுக்கு வந்த பிறகு ரெண்டு வேளையும் நான்தான் வைப்பேன். லைட்டைப் போட்டுத்தான். நீங்க சுவரைப் பார்க்கக்கூடாது. தீபாவளி முடியிற மட்டும் டாக்டர் விட்டாலும் நீங்க கம்பெனிக்குப் போகக்கூடாது. கேட்ல நான் போயி உட்காருறேன். வேலுச்சாமி உள்ளே பார்த்துக்கிடட்டும், வெளியே பார்ட்டிகிட்ட நான் பேசுறேன். எனக்குப் பேரம் பேசத் தெரியாதுன்னு நினைக்காதீக, பதினாறு வருஷமாப் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஹர்ஷினிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும். அப்பா வேற யாரையோ பார்த்துக்கிட்டாருன்னு அது ஒரு மாசமா மனசுக்குள்ள வச்சுக்கிட்டு ஒழுங்காச் சாப்பிடலை.

இதுல எதையும் குறைக்க மாட்டேன். சம்மதம்னா எழுதுங்க. இல்லைன்னா சாயங்கால வண்டிக்கு நான் கிளம்பிருவேன்.

யோகேஸ்வரி


அதே நாள்

யோகேஸ்வரிக்கு,

இது இரண்டாவது சீட்டு. முதல் சீட்டில், நீ சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதம், என் பக்கமும் ஒன்று உண்டு, புண்ணைப் பார்த்துவிட்டு நீ அழக்கூடாது என்று எழுதி அனுப்பினேன். மாரிசெல்வி அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். என் வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறாய். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பிள்ளை, “சார், அவுக ஏற்கெனவே அழுதுக்கிட்டுத்தான் இருக்காக, இதை எதுக்கு எழுதினீக” என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

இந்த வியாபாரத்தில் நான் கேட்டது எதுவும் நடக்கவில்லை. இருக்கட்டும். வாய்ப்பேச்சு பின்னால் மாறும், அதனால் முடிவானதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

மருந்து வைப்பது நீ, காலையிலும் சாயங்காலமும், வெளிச்சத்தில். நான் சுவர்ப் பக்கம் திரும்ப மாட்டேன். முதல் இரண்டு நாள் கண்ணை மூடிக்கொள்வேன், அதற்கு மட்டும் இடம் கொடு. டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகும் தீபாவளி முடியும் வரை கம்பெனிக்குள் கால் வைக்க மாட்டேன். கேட்டில் உன் பேச்சுதான். பார்ட்டியிடம் நீ சொல்கிற ரேட்டை நான் போனில் மாற்ற மாட்டேன். ஹர்ஷினியிடம் நானே சொல்கிறேன், அவள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் சளி என்றோ போன் என்றோ சொல்லாமல். தழும்பு எப்படி ஆறுகிறதோ அப்படியே இருக்கும். அதைச் சரி பண்ணத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்பதை ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவோம், நான் மட்டும் முடிவு பண்ண மாட்டேன்.

அழுவது உன் இஷ்டம்.

இந்த நிமிஷத்திலிருந்து அமல்.

ராஜபாண்டியன்